வீட்டு ஃபிரிட்ஜ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபிரிட்ஜ் மெக்கானிக் வீட்டுக்கு வந்தால் பழுதைப் பற்றி ஒரு கேள்வி கேட்பார்கள், மற்றதைப் பற்றி ஒன்பது கேட்பார்கள். வேலை முடிந்து, ஸ்பேனரைப் பையில் போட்டுவிட்டுக் காபி குடிக்கும்போதுதான் அந்த ஒன்பதும் வரும். சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் வருடக்கணக்காக அப்படிக் கேட்ட கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் இவை. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஷாக் அடித்தது, புகை வந்தது என்று கூப்பிட்ட வீடுகளில் பெரும்பாலும் பெட்டிக்குள் கோளாறு இருந்ததில்லை. சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டிலோ, பெட்டிக்குப் பின்னால் யாரும் எட்டிப் பார்க்காத அந்த அரையடி இடத்திலோதான் இருந்தது.

புது ஃபிரிட்ஜ் வந்து இறங்கிவிட்டது. உடனே ஆன் செய்யலாமா?

நிற்க வைத்தே கொண்டுவந்திருந்தால் இரண்டு மூன்று மணி நேரம் விட்டுவிட்டு ஆன் செய்யுங்கள். படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் ஓர் இரவு முழுக்க நிற்கட்டும். குளிர்விக்கும் காஸை அழுத்திச் சுற்ற விடும் மோட்டார்தான் கம்ப்ரஸர், அதற்குள் எண்ணெய் இருக்கிறது. பெட்டியைச் சாய்த்தால் அது காஸ் ஓடும் குழாய்க்குள் இறங்கிவிடும். திரும்பி வருவதற்குள் ஓட்டினால் கம்ப்ரஸர் எண்ணெய் இல்லாமல் உரசும், அல்லது குழாய் அடைத்துக்கொள்ளும்.

வீடு மாறும்போது இதைக் கவனிப்பவர்கள் குறைவு. குட்டியானையில் இடம் இல்லை என்று பீரோவுக்குப் பக்கத்தில் ஃபிரிட்ஜையும் படுக்க வைத்துவிடுவார்கள். கூடவே வந்து, நிற்க வைத்துக் கயிறு கட்டச் சொல்லுங்கள். மாடிப்படியில் ஏற்றும்போதும் 45 டிகிரிக்கு மேல் சாய்க்க வேண்டாம். கதவின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கவே கூடாது.

ஆன் செய்வதற்கு முன் உள்ளே ஒட்டியிருக்கும் டேப், தெர்மோகோல் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அடியில் இருக்கும் தெர்மோகோல் தட்டையும்தான். அதோடு சேர்த்தே ஆறு மாதம் ஓட்டிய ஒரு வீட்டைப் பார்த்திருக்கிறேன். ஆன் செய்த பிறகு மூன்று நான்கு மணி நேரம் காலியாக ஓடட்டும், அப்புறம் சாமான்களை வையுங்கள்.

எந்த இடத்தில் வைப்பது நல்லது?

வெயில் படாத, அடுப்புக்குப் பக்கத்தில் இல்லாத, மழைச்சாரல் அடிக்காத இடம். ஃபிரிட்ஜ் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். கொட்ட இடம் இல்லாவிட்டால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், கரண்ட் பில் ஏறும், ஆயுளும் குறையும். உங்கள் மாடலுக்கான இடைவெளி கையேட்டில் போட்டிருக்கும். கையேடு தொலைந்துபோயிருந்தால் பின்பக்கம் 10 செ.மீ., இரண்டு பக்கமும் 5 செ.மீ.யாவது விடுங்கள். மேலேயும் காற்று போக வேண்டும். வாஸ்து பார்த்து மூலையில் திணிப்பவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. அந்த மூலையில் நான்கு விரல் இடம் மட்டும் விடச் சொல்வேன்.

தரை சமமாக இருக்க வேண்டும். முன்பக்கக் கால்களைத் திருகி, முன்பக்கம் பின்பக்கத்தைவிட ஒரு மயிரிழை உயரமாக வையுங்கள். கதவைப் பாதி திறந்து விட்டால் தானாக வந்து மூடிக்கொள்ள வேண்டும், அதுதான் கணக்கு. சக்கரம் வைத்த பிளாஸ்டிக் ஸ்டாண்ட் வேண்டுமென்றால், சக்கரத்துக்குப் பூட்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். குழந்தை கதவைப் பிடித்துத் தொங்கினால் பெட்டி நகராமல் இருக்க வேண்டும்.

பக்கவாட்டில் தொட்டால் சுடுகிறது. கோளாறா?

இல்லை. பழைய பெட்டிகளில் பின்னால் கறுப்பாக ஒரு கம்பி வலை தெரியும், சூட்டை வெளியே விடுவது அதுதான். இப்போது பல மாடல்களில் அந்தக் குழாயைப் பக்கச் சுவர்களுக்குள் மறைத்துவிட்டார்கள். கை வைக்க முடிகிற அளவுக்குச் சூடாக இருந்தால் கவலை வேண்டாம். கோடையில் புதுப் பெட்டி ஓட ஆரம்பிக்கும்போது கொஞ்சம் அதிகமாகவே சுடும்.

கதவைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது. செருப்புப் போட்டுக்கொண்டு தொட்டால் சரியாகிவிடுகிறது, பரவாயில்லையா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பரவாயில்லை என்பதே கிடையாது. செருப்பு உங்களைக் காப்பாற்றுகிறது. ஈரக் கையோடும் வெறுங்காலோடும் தண்ணீர் பாட்டில் எடுக்க ஓடிவரும் குழந்தையை அது காப்பாற்றாது. முதலில் ஸ்விட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மூன்று பின் பிளக்கில் நீளமும் தடிமனுமாக இருப்பது எர்த் பின். பெட்டியின் உலோகப் பகுதிகள் அதோடுதான் இணைந்திருக்கின்றன. உள்ளே எங்காவது வயர் உரசி பாடிக்குக் கரண்ட் வந்தால், அது உங்கள் உடம்பு வழியாகப் போகாமல் எர்த் வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். சாக்கெட்டில் எர்த் வயரே கொடுக்காத வீடுகள் ஏராளம். பழைய சாக்கெட்டில் நுழையவில்லை என்று எர்த் பின்னை வெட்டி எறிந்த வீடுகளும் உண்டு. இரண்டு பின் அடாப்டர் போட்டு ஓட்டுபவர்களும் அதைத்தான் செய்கிறார்கள், வெட்டாமலே. தனி வீடாக இருந்தால் எர்த் குழியையும் பாருங்கள். கரியும் உப்பும் போட்டுப் புதைத்த குழி கோடையில் காய்ந்து கிடந்தால் எர்த் இருந்தும் இல்லாததுதான். அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இதற்கு மேல் ஒரு காவல் வேண்டுமென்றால் மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடச் சொல்லுங்கள். கரண்ட் கசிந்தால் கண் இமைக்கும் நேரத்தில் அணைத்துவிடும். போட்ட பிறகு ஃபிரிட்ஜால் அடிக்கடி டிரிப் ஆனால், ஆர்சிசிபியைக் கழற்றச் சொல்லாதீர்கள். எங்கே கசிகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஃப்ரோஸ்ட் ஃப்ரீ, அதாவது ஐஸைத் தானாக உருக்கிக்கொள்ளும் பெட்டியில், அந்த ஐஸ் உருக்கும் ஹீட்டர் பழுதானாலும் இப்படி ஆகும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகலாமா?

வேண்டாம். ஃபிரிட்ஜுக்குச் சுவரில் தனி சாக்கெட். மிக்ஸியும் மைக்ரோவேவும் ஃபிரிட்ஜும் ஒரே பாக்ஸில் தொங்கினால் ஏதாவது ஒரு நாள் சாக்கெட் கருகும். கம்ப்ரஸர் ஆரம்பிக்கும் அந்த நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். லூஸ் காண்டாக்ட் இருந்தால் அங்கே சூடு ஏறும். மாதம் ஒரு முறை பிளக் தலையைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பைத் தாண்டிச் சுட்டாலோ, மஞ்சளாகிப் போயிருந்தாலோ சாக்கெட்டை மாற்றிவிடுங்கள். ஒயர் பெட்டியின் காலடியில் நசுங்காமல் இருக்கட்டும். பின்பக்கத்தின் கதகதப்பு எலிக்கும் பல்லிக்கும் ரொம்பப் பிடிக்கும். எலி ஒயரைக் கடித்து வைத்திருப்பது அங்கே எட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

ஸ்டெபிலைசர் கட்டாயமா?

பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையோ கையேட்டையோ பாருங்கள். எத்தனை வோல்ட்டிலிருந்து எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று போட்டிருக்கும். நம் ஊர் சப்ளை 230 வோல்ட். அது அந்த எல்லையைத் தாண்டி ஏறி இறங்கும் தெருவாக இருந்தால் ஸ்டெபிலைசர் வேண்டும், இல்லையென்றால் வீண் செலவு. ராத்திரியில் டியூப் லைட் மங்கி எரிகிற கிராமத்து வீடுகளில் நான் போடச் சொல்வேன்.

ஸ்டெபிலைசரில் இன்னொரு பயன் உண்டு. கரண்ட் போய் உடனே வந்தாலும் மூன்று நிமிடம் போலத் தாமதித்துத்தான் விடும். ஓடி நின்ற கம்ப்ரஸருக்குள் ஒரு பக்கம் அழுத்தம் அதிகமாக இருக்கும், அது சமமாவதற்குள் மறுபடி கிளம்பச் சொன்னால் திணறும். ஸ்டெபிலைசர் இல்லாதவர்கள், கரண்ட் வந்து வந்து போகும்போது ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு, நிலையாக வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள்.

ஸ்டெபிலைசரை ஃபிரிட்ஜ் தலையில் வைத்து, அதன் மேல் பூப்போட்ட துணிக் கவரை மூடி, அதற்கு மேல் பழைய பேப்பர் கட்டு. இந்தக் காட்சியைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும். அது சூடாகும் பொருள், சுவரில் மாட்டுங்கள்.

கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டலாமா?

ஃபேனுக்கும் லைட்டுக்கும் வாங்கிய சின்ன இன்வெர்ட்டரில் வேண்டாம், ஆரம்பிக்கும் இழுவையைத் தாங்காது. கரண்டின் அலை வடிவம் சரியில்லாத மலிவு இன்வெர்ட்டர் மோட்டாரையும் கெடுக்கும். இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் என்று விளம்பரம் செய்வது வேறு. அது கம்ப்ரஸரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் முறை, பேட்டரிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஃபிரிட்ஜ் வெடிக்குமா? உள்ளே இருக்கும் காஸ் பற்றிக்கொள்ளும் என்கிறார்களே?

இப்போது வரும் பெரும்பாலான வீட்டுப் பெட்டிகளில் இருப்பது ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். சமையல் காஸின் உறவுக்காரன்தான், பற்றக்கூடியது. பின்பக்கம் தீச்சுவாலை போட்ட மஞ்சள் முக்கோணம் இருந்தால் இதுதான். முன்பு இருந்த ஆர்-12 தீப்பிடிக்காது, ஆனால் வானத்து ஓசோனைத் தின்றது. 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு உலகம் முழுக்க அதைக் கைவிட்டார்கள். நடுவில் வந்த ஆர்-134ஏ பூமியைச் சூடாக்குவதில் கெட்டிக்காரன். இரண்டு குறையும் இல்லாமல் கிடைத்தது இந்த ஐசோபியூட்டேன்.

அளவையும் பாருங்கள். வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ காஸ். ஒரு சாதாரண ஃபிரிட்ஜில் ஐம்பது கிராம் பக்கம். மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டிருக்கும்வரை அதனால் ஆபத்து இல்லை. ஆபத்து இரண்டு நேரங்களில்தான். ஒன்று, கத்தியால் குத்திக் குழாயை ஓட்டை போடும்போது. இன்னொன்று, காஸை முழுக்க வெளியேற்றாமல் மெக்கானிக் வெல்டிங் விளக்கைப் பற்ற வைக்கும்போது. காஸ் ஏற்ற வருபவர் அடைத்த சமையலறையில் வேலையை ஆரம்பித்தால், ஜன்னலைத் திறந்துவிட்டுச் செய்யச் சொல்லத் தயங்காதீர்கள். வெளியே எடுத்துப் போய்ச் செய்தால் இன்னும் நல்லது.

"ஃபிரிட்ஜ் வெடித்தது" என்று செய்தி வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது சமையல் காஸைத்தான். கசிந்த காஸ் காற்றைவிடக் கனம், தரையோடு பரவும். பழைய மாடல் ஃபிரிட்ஜில் கம்ப்ரஸரைக் கிளப்பும் ரிலேயும் குளிரைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் ஆன் ஆகும்போது சின்னப் பொறி பறக்கும், அந்த ரிலே இருப்பது தரைமட்டத்தில். ஆகவே காஸ் வாடை அடித்தால் லைட் ஸ்விட்சைப் போலவே ஃபிரிட்ஜ் ஸ்விட்சையும் தொடாதீர்கள். அணைப்பதற்காகக்கூட வேண்டாம். ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறங்கள், எல்லோரும் வெளியே வாருங்கள். வெளியே நின்றுகொண்டு காஸ் கசிவுக்கான அவசர எண் 1906க்குப் போன் செய்யுங்கள். வீட்டுக்கு வெளியே தள்ளி மெயின் இருந்தால் அங்கே அணைக்கலாம்.

ஃபிரீசரில் ஐஸ் மலை போல ஏறிவிட்டது. கத்தியால் பெயர்த்தால் என்ன?

என் வீட்டிலேயே நடந்தது. நான் வேலைக்குப் போயிருந்தபோது அம்மா, மீன் பாக்கெட் ஒட்டிக்கொண்டது என்று தோசைக் கரண்டியால் நெம்பினார். "புஸ்" என்று ஒரு சத்தம், கொஞ்சம் ஜில்லென்ற காற்று, அவ்வளவுதான். சிங்கிள் டோர் பெட்டியில் ஃபிரீசரின் சுவரே காஸ் ஓடும் அலுமினியக் குழாய், தகடு அவ்வளவு மெல்லியது. மெக்கானிக் வீட்டு ஃபிரிட்ஜ் இரண்டு வாரம் அலமாரியாக நின்றது.

ஐஸ் அரை செ.மீ. தடிமன் ஆகும்போதே டீஃப்ராஸ்ட் பட்டனை அழுத்துங்கள். மலையாகிவிட்டதென்றால் பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து வைத்து, கீழே பழைய துணி விரித்து, ஃபிரீசருக்குள் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் தானே கழன்று விழும். ஹேர் டிரையர் வேண்டாம், தண்ணீரும் கரண்டும் ஒரே இடத்தில் எதற்கு? கடலோர ஊர்களில் காற்றின் ஈரத்தால் ஐஸ் சீக்கிரம் ஏறும், அது இயல்பு. டபுள் டோர் ஃப்ரோஸ்ட் ஃப்ரீயில் ஐஸ் ஏறினால் இயல்பில்லை. கதவு ரப்பரில் இடைவெளி இருக்கும், அல்லது ஹீட்டர் போயிருக்கும். ரப்பரைச் சோதிக்க ஒரு பத்து ரூபாய் நோட்டு போதும். கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். சுலபமாக வந்தால் ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் துடைத்துப் பாருங்கள், அதற்கும் சரியாகவில்லை என்றால் மாற்றுங்கள்.

பின்னால் ஒரு தட்டில் தண்ணீர் நிற்கிறதே?

உருகிய ஐஸ் வந்து சேரும் தட்டு அது. கம்ப்ரஸர் சூட்டில் ஆவியாகிவிடும் என்பது கணக்கு, மழைக்காலத்தில் ஆகாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இந்த மாதிரி சுத்தமான தேங்கிய நீர்தான் வேண்டும். சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்தால் பூந்தொட்டித் தட்டோடு ஃபிரிட்ஜ் பின்பக்கத்தையும் பார்ப்பது அதனால்தான். வாரம் ஒரு முறை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். தட்டு கழறாத மாடலில் துணியால் ஒற்றி எடுங்கள்.

எந்த நம்பரில் வைக்க வேண்டும்?

திருகில் இருக்கும் 1, 2, 3 டிகிரி இல்லை. நம்பர் கூடினால் குளிர் கூடும். கீழ்ப்பெட்டி 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயும், ஃபிரீசர் மைனஸ் 18 டிகிரியிலும் இருக்க வேண்டும். ஒரு சின்ன தெர்மாமீட்டரை டம்ளர் தண்ணீரில் போட்டு நடுத்தட்டில் ராத்திரி முழுக்க வைத்துக் காலையில் பார்த்தால் உண்மை தெரியும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது.

சூடான சாம்பாரை அப்படியே உள்ளே வைக்கலாமா?

கொதிக்கக் கொதிக்க வைத்தால் பக்கத்தில் இருக்கும் பாலும் சூடாகும். ஆறட்டும் என்று ராத்திரி முழுக்க மேடையில் விட்டால் அது இன்னும் மோசம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் பெருகும். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிட வேண்டும், வீட்டுக்குள்ளேயே 32 டிகிரிக்கு மேல் கொதிக்கும் மே மாதத்தில் ஒரு மணி நேரத்துக்குள். பெரிய குண்டானில் வைக்காமல் அகலமான சின்னப் பாத்திரங்களில் பிரித்து, குளிர்ந்த தண்ணீர்த் தட்டில் நிறுத்தினால் சீக்கிரம் ஆறும்.

சோற்றில் கூடுதல் கவனம் தேவை. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதித்தாலும் சாவதில்லை. சோறு வெளியில் கிடந்தால் முளைத்து நஞ்சு சுரக்கும், மறுபடி சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. பழைய சோற்றைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், அது தனிக் கலை, நான் மெக்கானிக்.

பச்சை மீனும் கறியும் மூடிய டப்பாவில், கீழ்த்தட்டில். மேலே வைத்தால் சொட்டும் நீர் கீழே இருக்கும் சட்னியில் விழும். சமைத்த மிச்சம் மூன்று நான்கு நாளைக்கு மேல் வேண்டாம். இட்லி மாவு புளித்துப் பொங்கும் என்பதால் பாத்திரத்தில் பாதி இடம் விட்டு வையுங்கள். இல்லாவிட்டால் மூன்று தட்டைக் கழுவ வேண்டியிருக்கும்.

எதையெல்லாம் வைக்கவே கூடாது?

பெட்ரோல், தின்னர், ஸ்பிரே டப்பா. இவற்றின் ஆவி மூடிய பெட்டிக்குள் சேர்ந்தால் உள்ளே ஒரு பொறியே போதும். சோடா, கூல்டிரிங்க்ஸ் பாட்டில்களை ஃபிரீசரில் வைத்து மறந்தால் வெடிக்கும், கண்ணாடியாக இருந்தால் கையைக் கிழிக்கும். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். கதவிலும் வேண்டாம், ஃபிரீசரை ஒட்டியும் வேண்டாம், நடுத்தட்டில் வையுங்கள். ஒரு முறை உறைந்துவிட்டால் உருக வைத்துப் போடக் கூடாது, எறிந்துவிட வேண்டியதுதான்.

கரண்ட் போனால் எவ்வளவு நேரம் தாங்கும்?

கதவைத் திறக்காமல் இருந்தால் கீழ்ப்பெட்டி நான்கு மணி நேரம். மைனஸ் 18ல் இருந்த நிறைந்த ஃபிரீசர் இரண்டு நாள், பாதி நிறைந்தது ஒரு நாள். அதற்கு மேல் போனால் பால், கறி, மீன், சமைத்த உணவு எல்லாம் குப்பைக்கு. முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், நோய் தரும் கிருமிக்கு வாடை இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

வெள்ளத்தில் மூழ்கிய ஃபிரிட்ஜை வெயிலில் காய வைத்து ஓட்டலாமா?

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் நான் அதிகம் கேட்ட கேள்வி. தண்ணீர் வீட்டுக்குள் வரும் முன்பே மெயினை அணைத்துவிடுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு பிளக்கைத் தொடாதீர்கள். வடிந்த பிறகு, வெளியே காய்ந்துவிட்டது என்று நம்பி ஆன் செய்யாதீர்கள். ரிலேயிலும் பெட்டிக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் போர்டிலும் சேறு இருக்கும். ஒருவர் திறந்து பார்த்துச் சுத்தம் செய்து, கசிவு இல்லை என்று மீட்டர் வைத்துச் சொன்ன பிறகுதான் கரண்ட். சாக்கடை கலந்த நீர் ரப்பருக்கும் ஃபோம் சுவருக்கும் உள்ளே போயிருந்தால் பெட்டியை விட்டுவிடுங்கள், வாடை போகவே போகாது.

ஒரு மாதம் ஊருக்குப் போகிறோம்?

காலி செய்து, பிளக்கைப் பிடுங்கி, துடைத்து, கதவிடுக்கில் ஒரு துண்டைச் சொருகித் திறந்தபடி விட்டுப் போங்கள். மூடிவிட்டுப் போனால் பூஞ்சைதான் வரவேற்கும்.

பழைய ஃபிரிட்ஜை மொட்டை மாடியில் போட்டு வைக்கலாமா? காயலான் கடைக்குக் கொடுக்கலாமா?

காயலான் கடையில் கம்ப்ரஸரின் செம்புக்காகக் குழாயை வெட்டி எறிவார்கள், காஸ் காற்றோடு போகும். 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் மின்கழிவு விதிகளில் ஃபிரிட்ஜும் சேர்ந்திருக்கிறது. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள், அல்லது புதிது வாங்கும் கடையில் எக்ஸ்சேஞ்சில் விடுங்கள்.

மாடியில் போட்டுவைப்பதுதான் எனக்குப் பயம். ஒளிந்து விளையாடும் பிள்ளை உள்ளே போய் மூடிக்கொண்டால், பழைய கொக்கிக் கதவு உள்ளிருந்து திறக்காது, காற்றும் போகாது, கத்தினாலும் வெளியே கேட்காது. இப்படிப் பிள்ளைகள் இறந்ததால்தான் அமெரிக்காவில் 1956லேயே உள்ளிருந்து திறக்கும் கதவு வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். இப்போதைய காந்த ரப்பர் கதவு தள்ளினால் திறக்கும், ஆனால் நம் பெட்டிகளில் சாவிப் பூட்டும் இருக்கிறது. ஓடுகிற பெட்டியின் சாவியைப் பூட்டிலேயே தொங்க விடாதீர்கள். ஓடாத பெட்டி இன்று ஒரு நாள் மாடியில் கிடக்கப் போகிறது என்றாலும் கதவைக் கழற்றிவிடுங்கள். கீல் ஆணி இரண்டு, ஸ்பேனர் ஒன்று, பத்து நிமிட வேலை. நான் வந்தால் இதற்குக் காசு வாங்குவதில்லை.